மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டு வாசல் வரை: ஒரு வட்டாரத்தின் சுகாதார சேவைகளை ஒன்றிணைப்பது எப்படி?

இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் 2023, 2024 ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில், அங்கே இருப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமலேயே வீடு திரும்ப முடியாமல் காத்திருந்தவர்கள் நாளொன்றுக்கு 12,000 பேருக்கும் அதிகம். பெரும்பாலும் முதியவர்கள். நுரையீரல் தொற்று குணமாகியிருக்கும். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வாக்கரைப் பிடித்து நடக்கவும் தொடங்கியிருப்பார்கள். ஆனால் காலையில் வந்து குளிப்பாட்ட ஆள் அமைந்திருக்காது, அல்லது கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பொருத்தப்பட்டிருக்காது. மருத்துவமனைக்குப் பணம் தருவது அரசின் தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ்.; வீட்டு உதவிக்குப் பணம் தருவது உள்ளூர் கவுன்சில்; குடும்ப மருத்துவரோ தனி ஒப்பந்தத்தின் கீழ் இயங்குபவர். ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் வேலையை ஒழுங்காகவே முடிக்கிறார்கள். நோயாளி கைமாறும் இடத்துக்குத்தான் பொறுப்பாளர் இல்லை.

அந்த இடத்துக்குப் பொறுப்பாளரை நியமிப்பதுதான் வட்டார அளவிலான கமிஷனிங்கின் முதல் வேலை. மக்களுக்கு எது தேவை என்று கண்டறிந்து, பணம் ஒதுக்கி, செய்து தரக்கூடியவர்களோடு ஒப்பந்தம் போட்டு, நடப்பதைக் கண்காணிக்கும் இந்தப் பணியை இங்கிலாந்தில் 2022 ஜூலை 1 முதல் 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் ஏற்றன. வாரியத்திலோ கவுன்சிலிலோ இப்பணிக்குப் புதிதாக வந்தவர்களையும், அவற்றோடு கூட்டுச் சேர விரும்பும் தொண்டு நிறுவனத்தாரையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டு நெடுகிலும் ஒன்றுதான்: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவர்.

ஒரு நோயாளியின் வழியை வரைந்துகொள்ளுங்கள்

அமைப்பு வரைபடத்தில் தொடங்காதீர்கள். டெவன் மாவட்டக் கடற்கரையில் உள்ள டார்பேயில் 2005ஆம் ஆண்டு சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் (குளிப்பது, உடுத்துவது போன்றவற்றுக்கான அன்றாட உதவி) 'டிரஸ்ட்' எனப்படும் ஒரே என்.எச்.எஸ். அறக்கட்டளையின் கீழ் வந்தபோது, அங்கிருந்தவர்கள் எண்பது வயதைக் கடந்த 'மிஸஸ் ஸ்மித்' என்ற கற்பனைப் பெண்மணியை முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு முடிவும் அவருக்கு என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டார்கள். சுவீடனின் யான்ஷாப்பிங் வட்டாரத்தில் 1990களின் இறுதியிலேயே 'எஸ்தர்' என்ற பெயரில் இதே முறை வழக்கத்துக்கு வந்திருந்தது. உங்கள் வட்டாரத்துக்கும் இப்படி ஒருவரை உருவாக்கி, அவர் மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து வீடு திரும்பிய முப்பதாம் நாள் வரை யார் யாரிடம் போகிறார், எத்தனை முறை அதே கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், எங்கே எத்தனை மணி நேரம் காத்திருக்கிறார் என்று எழுதுங்கள். அறையில் உட்கார்ந்து எழுத வேண்டாம். வார்டில் நின்று எழுதுங்கள். தாமதத்துக்குக் கவுன்சில்தான் காரணம் என்று நம்பி வந்தவர்கள், மருந்து வந்து சேராமலும் வண்டி கிடைக்காமலும் மருத்துவமனைக்குள்ளேயே கரையும் நேரத்தைக் கண்டு வியப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை டிஸ்சார்ஜ் ஆகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையில் ஒரு காகிதப் பை. அதில் புதிய மாத்திரைகள். வீட்டுச் சமையலறை அலமாரியில் பழைய மாத்திரைகள் அப்படியே இருக்கின்றன. ஒரே ரத்த அழுத்த மாத்திரை பைக்குள் மருந்தின் பொதுப்பெயரிலும் அலமாரியில் நிறுவனப் பெயரிலும் இருக்க, இரண்டையும் சேர்த்து விழுங்கியவர் ஞாயிற்றுக்கிழமை தலைசுற்றி விழுந்து மறுபடியும் அவசரப் பிரிவுக்கு வருகிறார். இதைத் தடுக்கப் புதிய கட்டடமோ புதிய குழுவோ வேண்டியதில்லை. மருத்துவமனை மருந்தாளர் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் நோயாளியின் வழக்கமான மருந்துக்கடைக்கு மின்வழி அனுப்ப, கடை மருந்தாளர் அவற்றை ஒப்பிட்டு நோயாளியிடம் பேசும் ஏற்பாடு 2021 பிப்ரவரி 15 முதல் இங்கிலாந்தின் எல்லா மருந்துக்கடைகளின் ஒப்பந்தத்திலும் கட்டாயப் பணியாக இருக்கிறது. மருத்துவமனை அனுப்பினால்தான் அது நடக்கும். ஆகவே மருத்துவமனையோடு போடும் ஒப்பந்தத்தில், இன்ன பிரிவு நோயாளிகளின் பட்டியலைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்ற ஒரு வரியையும், அனுப்பப்பட்டதை மாதந்தோறும் எண்ணும் ஏற்பாட்டையும் சேர்த்துவிடுங்கள். இத்தகைய சிறிய வரிகள்தான் பெரிய உத்தி அறிக்கைகளைவிட அதிகம் சாதிக்கின்றன என்பது என் கருத்து.

மதிப்பீட்டு உரையாடல்களையும் இதே கண்ணோடு பாருங்கள். லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற இடங்களில் தமிழ் மட்டுமே பேசும் முதியவருக்குப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தால், சிறுநீர் அடக்க முடியாத பிரச்சினை பட்டியலில் ஏறவே ஏறாது. அதற்கேற்ற உதவியும் வராது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளருக்கான செலவை இந்தச் சேவையின் விலைக்குள்ளேயே வையுங்கள்.

தேவைகளைக் கணக்கிடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் கவுன்சிலும் சுகாதார அமைப்பும் கூட்டாகத் தயாரிக்க வேண்டிய தேவை மதிப்பீடு சட்டப்படியே இருக்கிறது. அதைப் படியுங்கள், தனியாக வாழும் முதியவர்களின் எண்ணிக்கையை மட்டும் தெரு அளவில் கேட்டு வாங்குங்கள்.

பணத்தை ஒரே இடத்தில் வையுங்கள்

2006ஆம் ஆண்டின் என்.எச்.எஸ். சட்டத்தின் 75ஆம் பிரிவு, சுகாதார அமைப்பும் கவுன்சிலும் தங்கள் பணத்தைப் பொது நிதியாகச் சேர்த்து, ஒருவர் சார்பில் மற்றவர் பணியை ஏற்று நடத்த வழி செய்கிறது. சுகாதாரத்துக்கும் சமூகப் பராமரிப்புக்குமான கூட்டு நிதியாக 2015 ஏப்ரலில் செயல்படத் தொடங்கிய பெட்டர் கேர் ஃபண்ட் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது. சட்டம் வழி விட்டாலும் ஓர் இடறல் இருக்கிறது: என்.எச்.எஸ். சிகிச்சை இலவசம், சமூகப் பராமரிப்புக்கோ வசதியைச் சோதிப்பார்கள். 23,250 பவுண்டுக்கு மேல் சொத்துள்ளவர் பராமரிப்புச் செலவைத் தாமே ஏற்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் நெடுங்காலமாக உள்ள வரம்பு. எது இலவசம், எது கட்டணம் என்ற இந்தக் கேள்வி வார்டிலேயே கிளம்பினால், அதற்கு விடை கிடைக்கும்வரை நோயாளி படுக்கையிலேயே இருப்பார்.

மீண்டும் தாமே இயங்கப் பழக்கும் குறுகியகால உதவியை ஆறு வாரம் வரை கட்டணமின்றித் தர வேண்டும் என்ற விதி இங்கே கைகொடுக்கிறது. முதலில் வீட்டுக்கு அனுப்பி, உதவியை அன்றே தொடங்கி, நீண்டகாலத் தேவையையும் கட்டணத்தையும் பிறகு வீட்டிலேயே மதிப்பிடும் முறையை உங்கள் ஒப்பந்தத்தின் முதுகெலும்பாக வையுங்கள். மருத்துவமனைக் கட்டிலில் எழுந்து நிற்கத் தடுமாறுபவர், தம் சொந்த நாற்காலியிலிருந்து எளிதாக எழுந்துவிடுவதும் உண்டு. ஆகவே வீட்டில் செய்யும் மதிப்பீடே உண்மைக்கு நெருக்கமானது. ஆறு வாரச் செலவைப் பொது நிதியிலிருந்து கொடுங்கள். நிதி மிஞ்சினால் யாருக்கு, குறைந்தால் யார் எத்தனை பங்கு தருவார் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நட்பாக இருக்கும்போது எழுதப்படாத இந்தப் பத்தியைப் பற்றாக்குறை வந்த பிறகு யாராலும் எழுத முடியாது.

கூட்டாளிகளும் ஒப்பந்தமும்

2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சேவை வழங்குநர் தேர்வு விதிகளின்படி, சுகாதார சேவைகளுக்கு எப்போதும் போட்டி டெண்டர் விட வேண்டிய கட்டாயமில்லை. திருப்திகரமாகச் செய்துவரும் நிறுவனத்தையே தொடரச் செய்யவும், மிகப் பொருத்தமானவரை நேரடியாகத் தெரிவு செய்யவும் விதிகளில் இடம் உண்டு. காரணத்தைப் பதிவு செய்து வெளியிட வேண்டும். இந்த நெகிழ்வைப் பயன்படுத்துங்கள், ஆனால் பழகிய முகங்களுக்கே பணம் போகும் வழியாக மாற்றிவிடாதீர்கள்.

டார்பேயில் வேலை நடந்ததற்குக் காரணம் மேலே இருந்த அறக்கட்டளை மட்டுமல்ல. குடும்ப மருத்துவர்களின் பகுதிகளோடு பொருந்துமாறு ஐந்து கூட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒருங்கிணைப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். இவர்கள் மருத்துவரோ சமூகப் பணியாளரோ அல்லர். தொலைபேசியை எடுத்து, செவிலியரையும் வீட்டு உதவியையும் உபகரணத்தையும் ஒரே அழைப்பில் ஏற்பாடு செய்தவர்கள். அங்கே நாள்தோறும் நிரம்பியிருந்த படுக்கைகளின் சராசரி 1998-99இல் 750ஆக இருந்து 2009-10இல் 502ஆகக் குறைந்தது. அந்தக் காலத்தில் வேறு மாற்றங்களும் நடந்தன என்பதால் முழுப் பெருமையையும் ஒருங்கிணைப்பாளருக்கே கொடுத்துவிட முடியாது. எனினும் என் பட்டியலில் முதல் பணியிடம் இவருடையதுதான். மேலதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திராமல் ஒரு தொகை வரை செலவிடும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுங்கள். அதிகாரமில்லாத ஒருங்கிணைப்பாளர் தகவல் கடத்துபவராகவே முடிந்துபோவார்.

தொண்டு நிறுவனங்களைக் கூட்டத்துக்கு அழைத்துத் தேநீர் கொடுப்பது கூட்டு ஆகாது. வீடு திரும்புபவரின் குளிர்பெட்டியில் பாலும் ரொட்டியும் வைத்து, ஹீட்டரைப் போட்டு, முதல் இரவு எட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம். சிறிய நிறுவனத்தால் விளைவு தெரிந்த பிறகு வரும் பணத்துக்காகக் காத்திருக்க முடியாது. காலாண்டுத் தொகையை முன்கூட்டியே கொடுங்கள், ஒப்பந்தத்தை மூன்றாண்டுக்காவது போடுங்கள், பெரிய மருத்துவமனையிடம் கேட்கும் அதே அறிக்கைப் படிவங்களை இவர்களிடம் நீட்டாதீர்கள்.

தகவல் பகிர்வு என்றதும் 'சட்டம் இடம் தராது' என்ற பதில் வரும். நோயாளிகளின் தகவலைக் கையாள்வது பற்றி மனநல மருத்துவர் டேம் ஃபியோனா கால்டிகாட் தலைமையிலான குழு 1997இல் வகுத்த நெறிகளோடு 2013இல் ஏழாவது நெறி சேர்க்கப்பட்டது: நோயாளியின் நலனுக்காகத் தகவலைப் பகிரும் கடமை, இரகசியம் காக்கும் கடமைக்குச் சமமான முக்கியத்துவம் உடையதாக இருக்கலாம். இதை மேற்கோளாக வைத்து, யார் எந்தத் தகவலை எதற்காகப் பார்க்கலாம் என்ற ஒப்பந்தத்தைச் சேவை தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தரப்பும் நோயாளியை ஒரே என்.எச்.எஸ். எண்ணால் அடையாளம் காண வேண்டும்.

புதுமைகளை இதற்குப் பிறகு கொண்டுவரலாம். தொலைவிலிருந்து ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவியும் வீட்டிலேயே அமையும் மெய்நிகர் வார்டும் பயனுள்ளவைதாம். ஆனால் இரவு பத்து மணிக்கு அளவு இறங்கியதாகத் திரையில் சிவப்பு எரியும்போது எழுந்து போகும் ஆள் யார் என்று எழுதப்படாதவரை கருவி வாங்க ஒப்புதல் தராதீர்கள்.

பலன் தந்ததா என்று எப்படி அறிவது?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள கேம்டன் நகரில், அடிக்கடி மருத்துவமனையில் சேருபவர்களைத் தேடிப்பிடித்துக் குழுவாக உதவிய திட்டம் உலகப் புகழ் பெற்றிருந்தது. 800 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியானபோது, 180 நாளுக்குள் மறுபடியும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் திட்டத்தில் இருந்தோரில் 62.3 சதவீதம், இல்லாதோரில் 61.7 சதவீதம். மிக மோசமான நிலையில் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த சில மாதங்களில் சராசரியை நோக்கித் திரும்புவார்கள். முன்-பின் ஒப்பீடு அந்த இயல்பான இறக்கத்தைத் திட்டத்தின் வெற்றியாகக் காட்டிவிடும். ஆகவே உங்கள் வட்டாரத்தின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே நாளில் தொடங்காமல், பகுதி பகுதியாகத் தொடங்குங்கள். இன்னும் தொடங்காத பகுதிதான் உங்கள் ஒப்பீடு. மறுசேர்க்கையோடு, வீடு திரும்பிய தொண்ணூறாம் நாளில் அவர் தம் வீட்டிலேயே இருக்கிறாரா, கடைக்குப் போய்வர முடிகிறதா, பராமரிக்கும் மகளோ மனைவியோ தாக்குப் பிடிக்கிறாரா என்பதையும் அளவிடுங்கள்.

இங்கிலாந்தில் கமிஷனிங் அமைப்புகள் நிலைத்து நின்றதில்லை. 2013இல் 211 மருத்துவக் கமிஷனிங் குழுக்கள் வந்தன, 2022இல் அவை போய் வாரியங்கள் வந்தன, 2025இல் அந்த வாரியங்களின் நிர்வாகச் செலவைப் பாதியாக்குமாறு உத்தரவு வந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் உங்கள் அமைப்பின் இடத்துக்கு வருபவரையும் கட்டுப்படுத்தும் பிரிவையும், சேவை நிறுத்தப்பட்டால் ஆறு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்ற பிரிவையும், அந்த இடைக்காலத்தில் ஏற்கெனவே உதவி பெற்று வருபவர்களுக்கு யார் பொறுப்பு என்பதையும் பெயரிட்டு எழுதிவிடுங்கள்.