பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில் யூத மக்களைப் பற்றிப் பேசும் முறை

இயேசுவின் பாடுகளின் வரலாற்றை விளக்கப்போகிற போதகர், தாம் கவனமின்றிச் சொல்லும் ஒரு வாக்கியம் ஒரு முழு மக்களின்மீதும் பழியாக விழக்கூடும் என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டே ஆயத்தத்தைத் தொடங்க வேண்டும். 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கும்பல்கள், ரைன் நதிக்கரையிலுள்ள வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைக் கொன்று குவித்தபோது, கிறிஸ்துவின் இரத்தத்துக்குப் பழிவாங்குவதாகவே எண்ணின. அந்த எண்ணத்தை வளர்த்ததில் பிரசங்க பீடத்துக்கும் பங்கு உண்டு.

முதலில், வாசிக்கப்போகும் பகுதியில் வருகிறவர்கள் அனைவரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காய்பாவும் கூச்சலிட்ட கூட்டமும் மட்டுமல்ல, சிலுவையருகே நின்ற மரியாளும், அழுதுகொண்டே பின்சென்ற எருசலேமின் பெண்களும், உடலைக் கேட்டு வாங்கிய அரிமத்தியா ஊர் யோசேப்பும், இயேசுவும் யூதர்களே. தீர்ப்பளித்த பிலாத்துவும் ஆணியடித்த போர்வீரர்களும் ரோம அதிகாரத்தின் ஆட்கள். சிலுவை மரணம் ரோமர் விதித்த தண்டனை. காய்பாவைப் பிரதான ஆசாரியராக நியமித்தவரும் ஒரு ரோம ஆளுநரே. இந்தப் பட்டியல் கண்முன் இருந்தால், "யூதர்கள் கொன்றார்கள்" என்ற பொதுவாக்கியம் தானாகவே நின்றுவிடும்.

மத்தேயு 27:25 வரும்போது அதைத் தாண்டி ஓடாதீர்கள். இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக என்று அன்று பிலாத்துவின் முன் நின்ற ஒரு கூட்டம் சொன்னதை, பிறவாத தலைமுறைகளுக்கெல்லாம் உரிய சாபமாக்க எவருக்கும் அதிகாரமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பாடுகளின்போது நிகழ்ந்ததை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மீதும், இன்றைய யூதர்மீதும் சுமத்தக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கையிலும் கூறியது.

கடவுள் யூதரைத் தள்ளிவிட்டு அவர்களுடைய இடத்தைச் சபைக்குத் தந்தார் என்று பேசும் பழக்கமிருந்தால், ரோமர் 11ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். காட்டொலிவக் கிளையாகிய நீ வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது என்று பவுல் புறஜாதி விசுவாசிகளை எச்சரிக்கிறார். இயேசுவே மேசியா என்பதில் இரு தரப்புக்கும் உள்ள வேறுபாட்டை இதனால் மறைக்க வேண்டியதில்லை; பவுலும் மறைக்கவில்லை, ஆனால் இகழ்ச்சியோடன்றி மனவேதனையோடு எழுதினார்.

ஜெபங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். பழைய ரோமன் கத்தோலிக்கப் பெரிய வெள்ளித் திருவழிபாட்டில் மற்ற மன்றாட்டுகளுக்கெல்லாம் முழந்தாளிட்ட மக்கள், யூதருக்கான மன்றாட்டில் மட்டும் முழந்தாளிடவில்லை. அந்த வழக்கம் 1955இல் மாறியது. அவர்களை அவநம்பிக்கையுள்ளவர்கள் என்று குறித்த சொல்லை 1959இல் போப்பாண்டவர் இருபத்துமூன்றாம் யோவான் நீக்கினார். ஒரு சபை முழந்தாளிட மறுக்கும்போது அது எதைக் கற்பிக்கிறது என்பதை ஜெபம் எழுதுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரிய வியாழனன்று யூதருடைய பஸ்கா விருந்தை ஆலயத்தில் நடித்துக் காட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். இன்றைய அதன் முறைமை, கி.பி. 70இல் தேவாலயம் அழிந்தபின் யூத ரபிகளிடையே உருவானது. அது அவர்களுடைய வழிபாடு. அவர்கள் அழைத்தால் விருந்தினராகச் சென்று கற்றுக்கொள்ளலாம்.