பெரிய திரை ஸ்மார்ட் டிவி: பெட்டியைப் பிரிப்பதிலிருந்து டிவி2 தமிழ்ச் செய்தி வரும் வரை

புதிதாக ஸ்மார்ட் டிவி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எத்தனை இஞ்ச் வாங்கலாம்?" ஏரியலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் பாதி வேலை ஏரியலில்தான் இருக்கிறது. மற்றதை விறுவிறுவென்று சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

படி 1: அளவு. சோபாவில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து எதிர்ச்சுவர் வரை இஞ்ச் கணக்கில் அளந்து 1.5-ஆல் வகுங்கள். 8 அடி என்றால் 96 இஞ்ச், வகுத்தால் 64. தமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு ஹாலுக்கு 65 இஞ்ச் தாராளம். அந்த 65 என்பது குறுக்களவு. அகலம் சுமார் 145 சென்டிமீட்டர் வரும். பல மாடல்களில் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும் என்பதால் கேபினெட்டின் நீளத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

பலகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் மாட்ட வேண்டாம், கேபினெட்டே நல்லது. சாமி மேடைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகையும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் திரையில் ஏறிவிட்டால் துடைத்து மாளாது.

படி 2: ட்யூனர். கடையில் 'டிவிபி-டி2' (டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் ட்யூனர்) உண்டா என்று பாருங்கள். 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நின்றுபோனது. இந்த ட்யூனர் உள்ளேயே இருந்தால் தனிப் பெட்டி, மாதக் கட்டணம் எதுவும் இல்லாமல் மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் டிவி சேவை வரும். டிவி2 மட்டுமல்ல, மின்னல் எஃப்எம் வானொலிகூட அதில் கேட்கலாம்.

படி 3: ஏரியல். என்னைப் படாத பாடு படுத்திய இடம் இது. கூரையில் ஏற்கெனவே ஒரு பெரிய ஏரியல் நிற்கிறது, ஒயரை இழுத்துச் செருகினால் போதும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். செருகித் தேடவிட்டால் ஒரு சேனலும் வராது, அல்லது வந்து கட்டம் கட்டமாக உடையும். டிவியைக் குறை சொல்லிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

அந்தப் பழைய ஏரியல்களில் பல அலைநீளம் கூடிய வி.எச்.எஃப் அலைகளுக்காகச் செய்தவை. அவற்றின் கம்பிகள் நீளமாக இருக்கும். டிஜிட்டல் ஒளிபரப்பு அலைநீளம் குறைந்த யு.எச்.எஃப்-இல் வருகிறது. அதற்கான ஏரியலில் கம்பிகள் ஏறக்குறைய ஓர் அடி, அல்லது அதற்கும் குறைவு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பழைய தட்டை ஒயரையும் கழற்றிப் போட்டுவிட்டு 75 ஓம் கோஆக்சியல் கேபிளாக மாற்றுங்கள்.

அடுத்தது திசை. நான் திருப்பியது தெற்கே, ஈப்போ பக்கம் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் கிளேடாங் மலையை நோக்கி. உங்கள் ஊருக்கு எந்தக் கோபுரமோ, அந்தப் பக்கம் திருப்புங்கள். ஒருவர் கூரையில், ஒருவர் டிவி முன்னால். மெனுவில் சிக்னல் அளவைக் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அனலாக் காலத்தில் படம் புள்ளி புள்ளியாகவாவது தெரியும். டிஜிட்டலில் அந்தச் சலுகை கிடையாது. சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போனால் திரை கறுப்புதான்.

மெனுவில் நாடு 'மலேசியா', வகை 'ஆன்டெனா' என்று இருக்கட்டும், 'கேபிள்' அல்ல. தேடி முடிந்ததும் 101-இல் டிவி1, 102-இல் டிவி2.

படி 4: படம். முதல் முறை போடும்போது 'வீடா, கடையா' என்று கேட்கும். 'வீடு' என்று கொடுங்கள். கடை முறையில் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். அப்புறம் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் மாறும். விநாடிக்கு 24 படங்களாக எடுத்த சினிமாவுக்கு நடுவில் டிவி தானாகப் படம் சேர்த்தால், எந்தப் படமும் மெகா தொடர் மாதிரிதான் தெரியும். எனக்குப் பிடிக்காது. கால்பந்துக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: நெட். ரௌட்டர் பக்கத்தில் இருந்தால் வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போடுங்கள். பல டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான், ஆனால் 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15. உள்ளே இருக்கும் மென்பொருளுக்காக அதிகக் காசு கொடுக்காதீர்கள். திரைக்கு முன்னால் அதுதான் பழசாகும். அப்போது நெட்டில் இருந்து படம் காட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கி டிவியில் செருகினால் சரி.

படி 6: இடி. நம் ஊர்ச் சாயங்கால மழை தெரிந்ததே. பிளக்கை மட்டும் பிடுங்குகிறார்கள்; மின்னல் ஏரியல் கேபிள் வழியாகவும் லேன் வழியாகவும் உள்ளே வரும். இடிச்சத்தம் கேட்கும் முன்பே, வானம் இருட்டும்போதே மூன்றையும் கழற்றுங்கள்.

பிற்சேர்க்கை: பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) உள்ள ஏரியல் வாங்கியும் ஒன்றுமே வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பூஸ்டருக்கு மின்சாரம் வேண்டும். சில டிவிகளில் 'ஆன்டெனா பவர் 5 வோல்ட்' என்று ஓர் அமைப்பு மெனுவுக்குள் அணைந்து கிடக்கும். அதைப் போட்டுவிட்டு மறுபடி தேடவிடுங்கள். உங்கள் டிவியில் அது இல்லை என்றால், யுஎஸ்பியில் செருகி ஏரியலுக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன இணைப்பு ஒன்று மின்சாதனக் கடையில் கேளுங்கள். கோபுரம் பக்கத்திலேயே இருப்பவர்களுக்குப் பூஸ்டர் தேவையே இல்லை. சிக்னல் அளவு மீறினாலும் படம் உடையும்.