வெட்டும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர்

பழந்துணியில் பட்டறைகளுக்குத் துடைப்புத் துணி தைக்கும் குழுவா? கத்தரியை எடுக்கும் முன் ஒவ்வொரு துணியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் வெட்டலாம்; முத்தாக உருண்டு நின்றால் ஒதுக்கிவிடுங்கள்.

பருத்தி இழை ஈரத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் இழை அப்படி இழுக்காது, தரையில் கிடக்கும் ஈரத்தை இங்குமங்கும் பரப்பத்தான் உதவும். இரண்டும் கலந்த கலப்புத் துணியைத் தொட்டுப் பார்த்து மட்டும் கண்டுபிடிப்பது அனுபவமுள்ளவர்களுக்கே கடினம். நான்கு ஓரமும் மடித்துத் தைத்த பிறகு தெரியவந்தால் நூலும் பலருடைய உழைப்பும் வீண்.

புதுத் துணியின் வெட்டுத்துண்டுகளில் இதை அப்படியே நம்ப வேண்டாம். கஞ்சிப் பசை இருக்கும்வரை நல்ல பருத்தியிலும் சொட்டு நிற்கும். அலசிக் காயவைத்துவிட்டு மறுபடி பாருங்கள். துவைத்தபின் துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தில் ஊறவைத்த துணிக்கும் இதே கதிதான்.

சூடான இயந்திரங்களைத் துடைக்க என்றால் இந்தச் சோதனை போதாது. கலப்புத் துணியும் சில நேரம் நன்றாக உறிஞ்சும், ஆனால் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஓர் இழையைப் பிரித்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள்: பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.