ஊர்முற்றத்தில் மௌனப் பேய்ப்படம்: சேனி, ஷ்ரெக், ஃபைட் மூவரையும் வன்னியில் திரையிடுவது எப்படி

பழைய பேய்ப்படம் ஒன்றைச் சனசமூக நிலைய முற்றத்தில் காட்டுவோம் என்று புறப்படுபவர்கள் பெரும்பாலும் படத்தெரிவிலேயே பிழை விடுகிறார்கள். சத்தம் கூடிய படம்தான் சனத்தைப் பயப்படுத்தும் என்று நினைக்கிறார்கள். போர் நடந்த வன்னியில் அது கூடாது. திடீரென்று வெடிக்கும் ஒலியையோ துப்பாக்கிச் சூட்டையோ கேட்டதும் உடம்பு தானாகவே பதுங்கும் ஆட்கள் எல்லா வரிசையிலும் இருப்பார்கள். அந்தப் பயம் படம் முடிந்தாலும் முடியாது. 1968இல் வந்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' உரிமைத் தடை இல்லாமல் இலவசமாகவே கிடைக்கிறது. டுவேன் ஜோன்ஸின் நடிப்பும் அருமையானது. ஆனாலும் அதை இங்கே பொது முற்றத்தில் போடாதீர்கள். வீட்டுக்குள் அடைபட்ட மனிதர்கள், வானொலியில் மரணச் செய்தி, வெளியே வெடிச்சத்தம் என்றுதான் அந்தப் படம் முழுக்கப் போகிறது.

1920களின் நடிகர்கள் சத்தமே இல்லாமல் பயத்தைக் கொண்டுவந்தவர்கள். முகம், முதுகு, விரல், நடை, இவ்வளவுதான் அவர்களிடம் இருந்தவை. கூத்து பழக்கும் அண்ணாவியாரின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த நடிப்பு பிடிபடும். மூன்று இரவுகளுக்கு மூன்று நடிகர்கள் போதும்.

முதல் இரவு லொன் சேனி. படம் 1925இன் 'த ஃபான்ரம் ஒஃப் த ஒபெரா'. காதலும் பொறாமையும் கலந்த நேரான கதை என்பதால் மௌனப்படமே பார்த்திராதவர்களும் வழிதவற மாட்டார்கள். சேனி 1883இல் பிறந்தவர். தாயும் தகப்பனும் காது கேளாதவர்கள். கையாலும் முகத்தாலும் கதைத்து வளர்ந்த பிள்ளை அதையே தொழிலாக்கிக்கொண்டார். ஒப்பனையையும் தானே போட்டார். மூக்கு நுனியை மேலே தூக்கி, மூக்குத் துவாரங்களையும் கண்குழிகளையும் கறுப்பால் ஆழமாக்கி, பொய்ப்பல் வைத்து, மண்டையோடு போன்ற ஒரு முகத்தை உண்டாக்கினார்.

இரண்டாம் இரவு மக்ஸ் ஷ்ரெக். முர்னாவ் இயக்கி 1922இல் வெளிவந்த 'நொஸ்ஃபெராட்டு'வில் ஓர்லொக் பிரபுவாக வருபவர். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை அனுமதி பெறாமல் படமாக்கியதால் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பு வந்தது. தப்பிய பிரதிகளால்தான் இன்று நாம் அந்த முகத்தைப் பார்க்கிறோம். இந்தப் படத்தில் கொள்ளைநோய் பரவி, தெருவழியே சவப்பெட்டிகளை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகும் காட்சி இருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள். எழும்பிப் போக விரும்புபவர் போகலாம், திரும்பி வரலாம் என்றும் சொல்லுங்கள். இது கட்டாயம்.

மூன்றாம் இரவு கொன்றாட் ஃபைட், 1920இன் 'டொக்டர் கலிகாரியின் கூடு'. கோணல் வீடுகளும் சுவரில் வரைந்த நிழல்களும் நிறைந்த படம். முதல் இரவிலேயே இதைப் போட்டால் 'செற் சரியில்லை' என்று எழும்பிப் போய்விடுவார்கள். இரண்டு இரவு பழகிய கண் இதைத் தாங்கும். தூக்கத்தில் நடக்கும் செசாரேயாக ஃபைட் சுவரோடு ஒட்டி நகரும் நகர்வு, எந்த ஆட்டக்காரருக்கும் பாடம்.

பேய்ப்பட நடிகர்களான பொரிஸ் கார்லோஃப், பேலா லுகோசி இருவரையும் விட்டுவிட்டது கவலைதான். அவர்களுடைய 1931ஆம் ஆண்டுப் படங்கள் பேசும் படங்கள். அவற்றைப் பொதுவில் காட்டுவதற்கு முன் உரிமை யாரிடம் என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன மூன்றும் நூறு வயதை எட்டியவை, அமெரிக்காவில் உரிமைக்காலம் முடிந்தவை. ஆனால் அண்மையில் திருத்திய பதிப்புகளுக்குப் புதிதாகப் போட்ட இசைக்குத் தனி உரிமை இருக்கும். படத்தின் ஒலியை முழுவதுமாக நிறுத்திவிட்டு, இசையை நீங்களே வாசித்தால் அந்தச் சிக்கல் இல்லை.

பிரதி தெரிவு

மௌனப்படங்கள் இன்றைய வேகத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. பிழையான வேகத்தில் மாற்றிய பிரதியில் எல்லோரும் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். சனம் சிரிக்கும், இரவு அதோடு போய்விடும். நீளத்தைப் பார்த்தே இதைப் பிடிக்கலாம். 'நொஸ்ஃபெராட்டு' ஏறத்தாழ 94 நிமிடம் ஓட வேண்டும். ஒரு மணித்தியாலம் மட்டும் ஓடுவது வெட்டியது, அல்லது விரட்டியது. 'கலிகாரி' 75 நிமிடத்தை அண்டி வரும். நடை கொஞ்சம் வேகமாகத் தெரிந்தால் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் வேகத்தை 0.85க்குக் குறைத்துப் பாருங்கள்.

'நொஸ்ஃபெராட்டு'வுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அதன் இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, பிறகு படச்சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். சாயமில்லாத வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதியில் ஓர்லொக் நட்டநடுப் பகலில் உலாவுவது போலத் தெரியும். கடைசியில் சூரிய ஒளி பட்டு அவன் அழிவது அப்போது அர்த்தமில்லாமல் போகும். நீலமும் மஞ்சளும் மாறிமாறி வரும் பிரதியையே எடுங்கள். கோப்பை மடிக்கணினியிலேயே வைத்திருங்கள், இணையத்தை நம்பவேண்டாம்.

திரையும் ஒளியும்

மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. மழை விட்டிருக்கும், சோளகம் என்ற தென்மேல் காற்று இன்னும் எழும்பியிருக்காது. வைகாசிக்குப் பிறகு அந்தக் காற்றில் பன்னிரண்டடித் துணி பாய்மரமாகிவிடும். பள்ளிக்கூடத்தின் வெள்ளைச் சுவர் கிடைத்தால் துணியே வேண்டாம். சுவர்தான் எப்போதும் மேல்.

இந்தப் படங்கள் நாலுக்கு மூன்று அளவு. ஆகவே திரை 12 அடி அகலம், 9 அடி உயரம். வெள்ளைத் துணியைப் பொருத்தித் தைத்து, மேலும் கீழும் குழாய் நுழையும்படி மடிப்பு விடுங்கள். கீழ்மடிப்பில் ஒரு குழாய் கிடந்தால் துணி சுருங்காது. பின்னால் கறுப்புப் பொலித்தீனோ தறப்பாளோ கட்டாவிட்டால் பின்பக்க வெளிச்சம் துணிக்குள்ளால் வந்து படத்தை வெளிறச்செய்யும். பாயில் இருப்பவர்களுக்கு முன்தலை மறைக்காதபடி கீழ்விளிம்பு நிலத்திலிருந்து நாலடி உயர வேண்டும். இதற்கு 16 அடி இரும்புக் குழாய் இரண்டு எடுத்து, இரண்டடியை நிலத்தில் தாட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் கயிறு இழுத்துக் கட்டுங்கள். முளை ஒன்றரை அடியாவது இறங்கவேண்டும். கயிற்றில் வெள்ளைத் துணித்துண்டு கட்டுங்கள். இருட்டில் பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான்.

ப்ரொஜெக்டர் 3000 லூமனுக்குக் குறையக்கூடாது. பொதுவாகப் படத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் வைக்கவேண்டும், அதாவது 18 அடி. ஆனால் அது அகலத்திரைக் கருவியாக இருந்தால் கணக்கு மாறும். ஒன்பதடி உயரம் வருவதற்கு அதன் முழுச்சட்டம் 16 அடி அகலமாக விரியவேண்டும். அப்போது தூரம் 24 அடி. இரு பக்கமும் கறுப்பாக விடுபடுவதைப் பார்த்துவிட்டு யாராவது 'திரை நிறைய வரட்டும்' என்று படத்தை இழுத்து விரிப்பார்கள். விடாதீர்கள். ஷ்ரெக்கின் ஒடுங்கிய உடம்பும் நீண்ட விரலும்தான் அந்தப் படத்தின் உயிர். இழுத்தால் ஓர்லொக் கொழுத்த மனிதனாகிவிடுவான்.

மின்வெட்டில் ப்ரொஜெக்டர் திடீரென்று நின்றால் விசிறியும் நின்று, சூட்டில் விளக்கு பழுதாகலாம். 1000 விஏ யூபிஎஸ் ஒன்று இடையில் இருக்கட்டும். அது சில நிமிடம் தாக்குப்பிடிக்கும், அதற்குள் ஜெனரேற்றரை இயக்கலாம். ப்ரொஜெக்டர், அம்பிளிபயர், இரண்டு லைற் எல்லாவற்றுக்கும் 2 கேவிஏ தாராளம். ஜெனரேற்றரை நூறடி தள்ளி, கட்டடம் ஒன்றின் மறைவில் வையுங்கள். மௌனப்படத்துக்கு அதன் இரைச்சல்தான் முதல் எதிரி.

மழை பெய்த பின்னேரத்தில் காட்சியை ஒத்திவையுங்கள். ஈசல் கிளம்பினால் லென்சை மூடிவிடும். மற்ற நாட்களில் சனத்துக்குப் பின்னால், திரையில் ஒளி படாத தூரத்தில் ஒரு வெள்ளை லைற்றை எரியவிட்டால் பூச்சி அங்கே போகும்.

நிலவைப் பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். இந்த அளவு ப்ரொஜெக்டருக்கு நிலவொளி ஒரு பொருட்டல்ல. பக்கத்துக் கடை வாசலின் ரியூப்லைற்தான் படத்தை வெளிறச்செய்யும், அதைப் போய்க் கேட்டு நிறுத்துங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை நடமாடும் ஊர்களில் நிலவுள்ள இரவையே தெரிவுசெய்யவேண்டும். சனம் வழி பார்த்து வீடு போகவேண்டும் அல்லவா? ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடிக்கலாம்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். பொதுக் காட்சிக்குரிய அனுமதிகளைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கிராம அலுவலருக்கும் சொல்லிவையுங்கள்.

கதை சொல்லுபவர்

இரவு நன்றாக வருவதும் கெடுவதும் இவரால்தான். மௌனப்படத்தின் எழுத்து அட்டைகள் வேற்று மொழியில் இருக்கும். யாராவது தமிழில் சொல்லவேண்டும். கூத்தில் கட்டியகாரன் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் மௌனப்படக் காலத்தில் பென்ஷி என்ற கதைசொல்லிகள் திரையருகே இருந்து இதையே தொழிலாகச் செய்தார்கள், நடிகர்களுக்குச் சமமான புகழோடு.

அட்டைகள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி எடுங்கள். ஒவ்வொன்றையும் பன்னிரண்டு சொல்லுக்குள், ஊர்ப் பேச்சில் அமையுங்கள். அட்டை திரையில் நிற்கும் நேரத்துக்குள் வாசித்து முடிக்கமுடியாவிட்டால் வசனத்தை வெட்டுங்கள். படத்தை நிறுத்தாதீர்கள். கடிதம் வாசிக்கும் இடங்களுக்கு ஒரு பெண் குரல் சேர்த்தால் காது களைக்காது. வாசிப்பவர் திரையின் இடப்பக்கம், சிவப்புத் துணி சுற்றிய ரோச் லைற்றோடு இருக்கட்டும். வெள்ளை ஒளி முன்வரிசையின் கண்ணைக் குத்தும். படத்தோடு சேர்த்து இரண்டு முழு ஒத்திகை வேண்டும்.

ஓர்லொக்கை முனி என்றோ கொள்ளிவாய்ப் பேய் என்றோ மாற்றிவிடாதீர்கள். நம்முடைய பேய்களுக்கு வேறு குணம், வேறு வழக்கம். 'இரத்தம் குடிக்கிற பிரபு' என்று ஒருமுறை சொன்னால் போதும், பிறகு பெயரால் அழையுங்கள்.

பேசுவதைவிடப் பேசாமல் இருக்கப் பழகுவது கஷ்டம். 'இப்ப பாருங்கோ, வரப்போறான்' என்ற ஒரு சொல்லால் நடிகரின் அரைமணி உழைப்பு வீணாகும். மூன்று இடங்களில் வாயைத் திறக்கவே கூடாது. சேனி ஓர்கன் வாசித்துக்கொண்டிருக்க, பின்னால் நின்று கதாநாயகி கிறிஸ்டீன் அவன் முகமூடியைப் பிடுங்கும் இடம் ஒன்று. அவன் நம்மைப் பார்த்தபடி இருப்பதால் அந்த முகத்தை அவளுக்கு முன் நாம்தான் காண்கிறோம். மற்றது, ஓர்லொக்கின் நிழல் மட்டும் படியேறும் இடம். மூன்றாவது, கூட்டுக்குள் நிற்கும் செசாரே மெல்ல மெல்லக் கண் திறக்கும் இடம். இந்த மூன்றிலும் இசையும் நிற்கட்டும்.

இசைக்கு ஓர் உடுக்கும் ஆர்மோனியமும் போதும். உடுக்கை விரலால் தடவும் ஒலியே வேண்டும், திடீர் முழக்கம் வேண்டாம் என்று வாசிப்பவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஒலியளவுக்கு ஒரு சோதனை: கடைசிப் பாயில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பக்கத்திலுள்ளவரோடு கதைக்க முடியவேண்டும். கச்சான் விற்பவரை இடைவேளைக்கு மட்டும் விடுங்கள். ஐம்பது பேர் கோது உடைக்கும் சத்தத்தில் உடுக்கு கேட்காது.

படங்களை ஒட்டும் ஒழுங்கு

வாசலில் நடிகர்களின் உண்மை முகங்களை ஏ3 தாளில் அச்சிட்டு ஒட்டுங்கள், பெயர், பிறந்த ஆண்டு, ஊர் எழுதி. சேனியின் பேய்முகத்தை மட்டும் முன்கூட்டியே காட்டாதீர்கள். 1925இல் தயாரிப்பு நிறுவனமும் அதை விளம்பரத்தில் மறைத்தே வைத்திருந்தது. படம் முடிந்து லைற் போட்டதும் உண்மை முகத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டுங்கள். பயந்த பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய், மூக்கு எப்படி மாறியது, கண்குழி எங்கே கறுத்தது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அது முடியும்வரை ப்ரொஜெக்டரின் விசிறி ஓடட்டும். விளக்கு ஆறிய பிறகே வயரைக் கழற்றவேண்டும்.