மோதலில் நசுங்கிய பழைய காரைப் பழைய பாகங்களைக் கொண்டு சரிசெய்யும் முறை

தை அறுவடைக் காலத்தில் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு இரவில் கார் ஓட்டியவர்களுக்கு, பின்விளக்கும் சிவப்பு ஸ்டிக்கரும் இல்லாமல் நெல் மூட்டைகளோடு சாலையோரம் நிற்கும் டிராக்டர் டிரெய்லரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டில் வாங்கிய என் மாருதி 800 அப்படியொரு டிரெய்லரின் பின்மூலையில் இடதுபக்கமாக மோதியது. யாருக்கும் காயமில்லை, ஆனால் பானெட் மடங்கி, இடது ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) கதவை நோக்கித் தள்ளப்பட்டு, ரேடியேட்டர் தண்ணீர் முழுவதையும் சாலையில் விட்டுவிட்டது. 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்றுபோன வண்டி என்பதால் பழைய பாகங்களை நம்பித்தான் இறங்கினேன். அந்த வேலையில் கற்றுக்கொண்ட வரிசையை, தவறாகச் செய்து திருத்திக்கொண்டவற்றையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் காப்பீட்டுப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் கழற்றக் கூடாது. பத்து ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களின் விலையில் 50 சதவீதமும், வயது எதுவானாலும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழுச் சேதமாகவே கணக்கில் கொள்வார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் கைக்காசிலேயே செய்துகொள்வது மேல் என்று தோன்றினால் வியப்பில்லை.

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, அடுத்ததாக அளக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு பானெட்டும் லைட்டும் வாங்க ஓடுகிறார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். கண்ணுக்குத் தெரியும் நசுங்கலைவிடத் தெரியாத கோணல்தான் வண்டி தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிக்கிறது. சமமான சிமெண்டுத் தரையில் முன்சக்கரங்களை நேராக வைத்து வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையம்வரை இரண்டு பக்கமும் நாடா பிடியுங்கள். மாருதி 800க்கு அந்த நீளம் 2175 மில்லிமீட்டர். இரண்டு பக்கத்துக்கும் 5 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்தால் அடியில் ஏதோ வளைந்திருக்கிறது என்று பொருள். பிறகு, கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலைக்கு மூலை கயிறு பிடிப்பதைப் போல, எஞ்சின் அறைக்குள் இடது ஸ்ட்ரட்டின் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) மேல் போல்ட்டிலிருந்து வலது முன்மூலைக்கும், வலது ஸ்ட்ரட்டிலிருந்து இடது முன்மூலைக்கும் குறுக்களவு எடுக்க வேண்டும். வண்டிக்கு அடியிலோ, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டை ஒவ்வொரு போல்ட் துளையிலிருந்தும் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, வண்டியை நகர்த்திவிட்டுப் புள்ளிகளை அளக்கலாம்.

என் வண்டியில் இடதுபக்கம் 9 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. வண்டியின் அடியில் நீளவாக்கில் ஓடும் சேசிஸ் ரெயில் போய்விட்டது என்று மனம் உடைந்த பிறகுதான், சக்கரத்தை அடிப்பக்கத்தில் வண்டியோடு இணைக்கும் இடது லோயர் ஆர்மைக் கழற்றி வலதுபக்கத்தோடு சேர்த்துக் கடப்பைக்கல் மேல் படுக்க வைத்துப் பார்த்தேன். இடது ஆர்ம் கல்லில் படியாமல் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தூக்கி நின்றது. அதை மாற்றியதும் வேறுபாடு 2 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டது. இதற்கு மாறாக, ஸ்ட்ரட்டுக்குப் பின்னால் ரெயில் மடிந்திருந்தாலோ, முன்கதவின் மேல்மூலை இடைவெளி மாறியிருந்தாலோ, முன்கண்ணாடியின் பக்கத் தூணில் பெயிண்ட் வெடித்திருந்தாலோ, அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். ரெயிலின் முன்முனை மட்டும் வளைந்திருந்தால், பாடியை இழுத்து நேராக்கும் இயந்திரம் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்; சங்கிலியைப் புளியமரத்தில் கட்டி இழுக்கும் வேலைக்கு உடன்படாதீர்கள்.

அளந்து முடித்தபின் நசுங்கிய பகுதி முழுவதையும் கழற்றி அடுக்குங்கள். கழற்றிய பிறகுதான் பட்டியல் முழுமையாகும். பட்டியலோடும், உடைந்த பாகங்களோடும், வண்டியின் தயாரிப்பு மாதத்தோடும் சந்தைக்குப் போக வேண்டும். ஒரே பெயரில் ஓடினாலும் கார்புரேட்டர் வண்டியின் வயரிங் வேறு, மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டியின் வயரிங் வேறு. முகப்பு மாறிய வண்டிகளும் உண்டு என்பதால் ஹெட்லைட்டையும் கிரில்லையும் ஒரே வண்டியிலிருந்து எடுப்பது பாதுகாப்பு.

எங்கே வாங்குவது என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்காதது இல்லை. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் எத்தனை என்பதை மறக்கக் கூடாது. தண்ணீரில் மூழ்கிய வண்டியின் ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் வயரிங்கும் வாங்கும் அன்று நன்றாக ஓடிவிட்டு, சில மாதங்களில் படுத்துவிடும். கனெக்டரைப் பிரித்து உள்ளே பச்சைப் பூஞ்சை போலச் செம்புத்துரு இருக்கிறதா, சந்துகளில் வண்டல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டியின் தகடு உப்புக்காற்றில் உள்ளிருந்தே அரித்திருக்கும். எனவே பாடித் தகடுகளுக்குக் கோயம்புத்தூர் உக்கடம் போன்ற உள்நாட்டுச் சந்தையை நான் விரும்புகிறேன். லாரி வாடகை சேர்ந்தாலும் நட்டமில்லை.

தகட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கையில் ஒரு சிறு காந்தம் இருக்கட்டும். மெல்லிய துணியில் சுற்றி ஃபெண்டரின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். இழுப்பு திடீரெனத் தளரும் இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கிறது. பானெட் கீலின் போல்ட் தலைகளைக் கவனியுங்கள்: பெயிண்ட் முழுதாக இருந்தால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது, ஓரம் உடைந்திருந்தால் ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில் சிறு வட்டக் குழிகளாகத் தெரியும். பட்டறையில் பற்றவைத்தது மேடு தட்டிக் கிடக்கும். புதிய டூப்ளிகேட் ஃபெண்டரும் பழைய கம்பெனி ஃபெண்டரும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைத்தால் பழையதையே எடுங்கள். டூப்ளிகேட்டில் துளைகள் சற்றே தள்ளியிருந்து, பொருத்துவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும்.

கதவு, பானெட், ஃபெண்டர், கண்ணாடி, பம்பர், இருக்கை, வைப்பர் மோட்டார் ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். ரேடியேட்டரை வாய்களை அடைத்து, காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். செம்பு, பித்தளை ரேடியேட்டரானால் சிறு ஓட்டையை ஈயம் வைத்து அடைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர் வெடித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், பிரேக் பேடு, பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பழையதாக வாங்கக் கூடாது. மோதலின்போது இறுகிய சீட் பெல்ட்டின் நூல் ஒருமுறை இழுபட்டுவிட்டால் அது வெளியே தெரியாது. லோயர் ஆர்மை நான் பழையதாகத்தான் வாங்கினேன். ஆனால் அதன் ரப்பர் புஷ்ஷையும் பால் ஜாயின்ட்டையும் புதிதாக மாற்றினேன்.

வாங்கும் எதற்கும் பில் கேட்டு வாங்குங்கள். பொருள் திருட்டு வண்டியுடையதாக இருந்துவிட்டால் கடைக்காரரை அடையாளம் காட்ட அந்தச் சீட்டுதான் இருக்கும். எஞ்சினையோ வண்டியின் நிறத்தையோ மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியில் பதிய வேண்டும். சேசிஸ் எண் பொறித்த தகட்டை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது.

பொருத்தும் வேலையை உள்ளிருந்து வெளியே நடத்த வேண்டும். முதலில் ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டமான ரேடியேட்டர் சப்போர்ட், பிறகு பானெட், அதன் பிறகு ஃபெண்டர், கடைசியில் லைட்டும் பம்பரும். சப்போர்ட்டைப் பற்றவைப்பதற்கு முன் கிளாம்ப் போட்டு நிறுத்தி, பானெட்டையும் ஃபெண்டரையும் தற்காலிகமாக மாட்டி இடைவெளியைச் சரிபாருங்கள். எனக்கு வேலை செய்த டிங்கர் (தகட்டைத் தட்டி நிமிர்த்துபவர்) இதை ஒரே வரியில் சொன்னார்: “சார், பானெட் உக்காரலன்னா பானெட்டைத் தட்டாதீங்க, கீழ எது கோணியிருக்குன்னு பாருங்க.” மெல்லிய தகட்டில் கேஸ் வெல்டிங் வைத்தால் சூட்டில் நெளிந்துவிடும், சிஓ2 வெல்டிங்கில் சிறு சிறு புள்ளிகளாக, இடம் மாற்றி மாற்றி வைப்பதே சரி. எம்பிஎஃப்ஐ வண்டியில் வெல்டிங்குக்கு முன் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கனெக்டரையும் பிடுங்கிவிட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படியும் தகடுகளுக்கு இடையில் துத்தநாக பிரைமர் பூசிய பிறகே பற்றவையுங்கள். ஆற்றுப் படுகையின் ஈரம் நுழைவது அந்தச் சந்துகளில்தான்.

பட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் வெயிலில் வெடிக்கும். அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் தகட்டைத் தட்டும் வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் பெயிண்ட் காயும்போது வெள்ளையாகப் பூத்து மங்கிவிடும். பட்டறைக்காரர் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன் என்று சொன்னாலும் பங்குனி வெயில்வரை பிரைமரோடு காத்திருப்பது நல்லது. பிரைமர் மட்டும் அடித்த தகடு ஈரத்தை உறிஞ்சும் என்பதால், அதுவரை வண்டி கூரைக்கு அடியில் நிற்க வேண்டும்.

லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் பதிந்து எடை இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். அதன் பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்து, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு லைட்டின் மைய உயரத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகுகளைத் திருப்புங்கள். முதல் நல்ல மழை பெய்து முடிந்த மறுநாள், மோதிய பக்கத்துத் தரைவிரிப்பைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால், சீலண்ட் விட்டுப்போன இடுக்கைக் கண்டுபிடிக்க ஒருவர் வெளியே ஹோஸில் தண்ணீர் அடிக்க, மற்றவர் உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டியிருக்கும்.