கோடைக்கால உயிர்மருத்துவ ஆராய்ச்சி: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

கோடையில் நடக்கும் ஆராய்ச்சிதானே, தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். ஜூனில் தொடங்கும் திட்டங்கள் பலவற்றுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும். மே மாதம் தேடினால், கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிற 'இன்டர்ன்ஷிப்'கள்தான் கண்ணில் படும். நல்ல திட்டங்கள் மாணவருக்கு உதவித்தொகை கொடுக்கும், அவரிடம் பணம் கேட்காது.

தகுதி விதியையும் முதலிலேயே படித்துவிடுங்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்எஸ்எஃப்) நிதியில் இளநிலை மாணவர்களுக்காக நடக்கும் ஆர்இயு ஆராய்ச்சித் திட்டங்களின் உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். ஜெர்மனியின் டிஏஏடி என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு நடத்தும் ரைஸ் ஆராய்ச்சித் திட்டம் வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்துப் பல்கலைக்கழக மாணவர்களுக்கானது. இது தெரியாமல் வாரக்கணக்கில் விண்ணப்பக் கட்டுரை எழுதி என்ன பயன்?

நேரடியாகப் பேராசிரியருக்கு எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேருக்கு அனுப்புவது. "உங்கள் மகத்தான ஆய்வு என்னைக் கவர்ந்தது" என்ற வரியைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிடும். மருத்துவ ஆய்வுக்கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அந்தப் பேராசிரியருடைய லேபின் சமீபத்திய கட்டுரைகள் இரண்டை எடுங்கள். முழுதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு படத்தைப் பார்த்து, இந்தக் கண்ட்ரோலை (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மாதிரியை) ஏன் வைத்தார்கள் என்று கேட்க முடிந்தால் போதும். அந்த ஒரு கேள்வி மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும்.

விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையிலும் இதே கதைதான். பாட்டிக்குப் புற்றுநோய் வந்ததால் ஆராய்ச்சிக்கு வந்தேன் என்பது உண்மையாகவே இருக்கலாம், அதை இரண்டு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் செய்த பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் சோதனை) ஏன் சரியாக வரவில்லை, அப்புறம் எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்பதைத்தான் தேர்வுக்குழு தேடும். மருத்துவமனையில் டாக்டருடன் சுற்றிய அனுபவத்தை ஆய்வு அனுபவம் என்று எழுத வேண்டாம், இரண்டும் வேறு. பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள்.

இடம் கிடைத்த பிறகு வேலையைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. எலிகளோடு வேலை என்றால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பயிற்சியும் வேண்டும். நோயாளிகளின் தரவு என்றாலும் அனுமதி வேண்டும். பத்து வாரத் திட்டத்தில் இதற்கே சில வாரங்கள் போகலாம். அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா, தினமும் யார் கற்றுத்தருவார் என்று முன்பே கேளுங்கள். பெரிய பெயருள்ள பேராசிரியர் பாதி நாள் வெளியூரில் இருப்பார். பொறுமையான ஒரு முனைவர் பட்ட மாணவர் கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம்.

ஒரு கோடையில் ஆய்வுக்கட்டுரையில் பெயர் வருவது அபூர்வம், மாநாட்டில் போஸ்டராக வைப்பது வரை போகலாம். ஆனால் லேப் நோட்டில் தேதி, ஆன்டிபாடியின் கேட்டலாக் எண், அதை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தீர்கள் என்பதையெல்லாம் எழுதாமல் போனால், நீங்கள் எடுத்த வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் சோதனை) எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அதை யாரும் கட்டுரையில் சேர்க்க மாட்டார்கள்.