கை நரம்புக் கோளாறும் அமெரிக்கப் படைவீரர் இழப்பீடும்

கிரீன் கார்டு இருந்தாலே அமெரிக்க ராணுவத்தில் சேரலாம். அப்படிச் சேர்ந்தவர்களுக்குப் பணியின் காரணமாக மணிக்கட்டு நரம்பு அழுந்திக் கை மரத்துப்போனால், படைவீரர் நலத்துறையிடம் மாதாந்திர இழப்பீடு கேட்கலாம். குடியுரிமை வாங்கியிருக்க வேண்டியதில்லை. இந்தப் பணத்துக்கு வருமான வரியும் கிடையாது. இப்போது நோய் இருப்பதையும், பணியில் அதற்குக் காரணம் நேர்ந்ததையும், இரண்டுக்கும் உள்ள தொடர்பையும் காட்ட வேண்டும். ஆகவே பணியில் இருக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கார்பல் டனல் என்னும் மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தில் பாதிப்பு லேசானது என்றால் எந்தக் கைக்கும் இயலாமை மதிப்பீடு 10 சதவீதம். இந்தச் சதவீதத்தைப் பொறுத்தே மாதத் தொகை அமையும். நடுத்தரம் என்றால் எழுதப் பழகிய கைக்கு 30, மற்றக் கைக்கு 20. கடுமையானது என்றால் 50, 40. நரம்பு முழுவதுமாகச் செயலிழந்தால் 70, 60. எழுதுவது எந்தக் கையால் என்பதற்கு இங்கே பணமதிப்பு உண்டு.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. மரத்துப்போவது, குத்துவது, எரிவது என உணர்வு சார்ந்த தொல்லை மட்டும் இருந்தால், மதிப்பீடு அதிகபட்சம் நடுத்தரத்தோடு நின்றுவிடும். அதைத் தாண்ட, தசை பலம் குறைவது போன்ற பாதிப்பும் பதிவாக வேண்டும். நம்மவர்களோ மருத்துவர் கேட்டதும் மரியாதைக்காக "பரவாயில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, காபி டம்ளர் கை நழுவுகிறது, இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம். நரம்புக் கடத்தல் சோதனை அறிக்கை இருந்தால் அதையும் கோப்பில் சேருங்கள்.

இரண்டு கைகளும் பாதிக்கப்பட்டிருந்தால் கணக்கு மாறும். இரண்டிலும் பாதிப்பு நடுத்தரம் என்றால், 30ஐயும் 20ஐயும் நேராகக் கூட்ட மாட்டார்கள்: 30 போக மீதமுள்ள 70இல் 20 சதவீதம் 14, ஆக 44. இரு பக்கப் பாதிப்புக்காக அதில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்து 48 ஆகும். அருகிலுள்ள பத்துக்கு மாற்றினால் 50. அந்தச் சேர்ப்பு விடுபட்டால் 40தான் கிடைக்கும். நலத்துறை அனுப்பும் தீர்ப்புக் கடிதத்தில் இதைச் சரிபாருங்கள்.

முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்பது சட்டவிரோதம். அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கப் பிரதிநிதிகள் இலவசமாகவே எழுதித் தருவார்கள். ஆவணங்கள் சேரத் தாமதமானால், விண்ணப்பிக்கும் எண்ணத்தை மட்டும் முதலில் பதிவுசெய்யுங்கள். ஓராண்டுக்குள் முழு விண்ணப்பம் கொடுத்தால் அந்தத் தேதியே கணக்கில் கொள்ளப்படும். தீர்ப்பில் உடன்பாடில்லை என்றால் மறுபரிசீலனை கேட்கவும் ஓராண்டு அவகாசம் உண்டு.